நிற்கும் பந்தா, பறந்து வரும் பந்தா: கோல்ஃப், பேஸ்பால் இரண்டில் எதைக் கற்பது கஷ்டம்?

கேள்வி கேட்டவர் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர், வயது முப்பத்தைந்து, அமெரிக்கா வந்து இரண்டு வருடம் ஆகிறது. அலுவலகத்தில் கோல்ஃபுக்குக் கூப்பிடுகிறார்கள், ஏழு வயதுப் பையன் பேஸ்பாலில் சேர்ந்திருக்கிறான், இருக்கிற நேரத்துக்கு இரண்டில் ஒன்றைத்தான் கற்றுக்கொள்ள முடியும், எது கஷ்டம் என்று கேட்கிறார்.

ஆரம்பிப்பதற்கு கோல்ஃப் கஷ்டம். நன்றாக ஆடுவதற்கு பேஸ்பால் கஷ்டம், அதிலும் குறிப்பாக பேட்டிங். இது இரண்டு தனிக் கேள்விகள் என்பதைக் கவனிக்காமல்தான் கோல்ஃப் ஆடுகிறவர்களும் பேஸ்பால் ஆடுகிறவர்களும் காலம் காலமாக சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒஹாயோவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன், மகன் லிட்டில் லீகில் (சிறுவர் பேஸ்பால்) ஆடியபோது நாலு சீசன் உதவிப் பயிற்சியாளராக நின்றேன், கோல்ஃப் முப்பத்தெட்டு வயதில் தொடங்கி இப்போது 16 ஹேண்டிகேப்பில் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) நிற்கிறேன், அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. இரண்டிலும் அடி வாங்கியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

முதலில் கோல்ஃப். நான் முதல் முறை டிரைவிங் ரேஞ்சுக்கு (கோல்ஃப் அடித்துப் பழகும் இடம்) போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கூடை பந்து வாங்கினேன், பள்ளி அணியில் மூன்றாவதாக இறங்கி ஆடியவன், ஓடி வந்து போடுகிற பந்தையே அடித்திருக்கிறேன், சும்மா கிடக்கிற பந்தை அடிக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. முதல் வீச்சு பந்துக்கு மேலே காற்றில் போனது. இரண்டாவது பந்துக்கு நாலு அங்குலம் முன்னாலேயே தரையில் குத்தி, மணிக்கட்டிலிருந்து தோள் வரை அதிர்ந்தது. மூன்றாவது பந்தின் தலையில் பட்டு, முயல் மாதிரி தரையில் குதித்துக் குதித்து முப்பது கஜம் ஓடியது. பக்கத்துத் தடுப்பில் எழுபது வயதுப் பாட்டி ஒருவர், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு பந்தையும் நூற்றைம்பது கஜத்தில் ஒரே இடத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தார். கூடை தீர்ந்தபோது இடது உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். உருப்படியாகப் போனவை ஆறோ ஏழோ.

நிற்கிற பந்து ஏன் இவ்வளவு படுத்துகிறது? கையில் இருப்பது முக்கால் ஆள் உயரக் கம்பி, அதன் நுனியில் ஒரு சின்னத் தலை, அந்தத் தலையின் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் பந்து படவேண்டும், பந்தோ 1.68 அங்குலம்தான். கம்பி முழு வட்டம் சுற்றிக் கீழே வரும்போது பந்தும் கம்பித் தலையும் ஒட்டியிருக்கிற நேரம் ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் தலையின் முகம் நாலு டிகிரி வலப்பக்கம் திறந்திருந்தால் போதும், பந்து வலப்பக்கம் கிளம்பி, சுழற்சியில் இன்னும் வலப்பக்கம் வளைந்து மரத்துக்குள் போய்விடும். இதுதான் ஸ்லைஸ், புதிதாக ஆடும் பெரும்பாலோருக்கு வரும் வியாதி என்று சொன்னால் மிகையாகாது.

இதை பேஸ்பாலோடு வைத்துப் பாருங்கள். பேஸ்பாலில் இரண்டு ஃபவுல் கோடுகளுக்கு நடுவே இருப்பது 90 டிகிரி, முழு கால் வட்டம், அதற்குள் எங்கே அடித்தாலும் ஆட்டத்தில் இருக்கிற பந்து, வெளியே போனால் ஃபவுல். கோல்ஃபில் 250 கஜம் தள்ளி முப்பது கஜ அகல ஃபேர்வே (பந்து விழவேண்டிய வெட்டிய புல்தரை) என்றால், நிற்கிற இடத்திலிருந்து பார்க்கும்போது அது வெறும் ஏழு டிகிரிக் கோணம். பேஸ்பாலில் கோணலாக அடித்தால் பந்து ரசிகர் கூட்டத்தில் விழும், அதை ஒரு குழந்தை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போகும், அடித்தவருக்கு இன்னொரு பந்து வரும். கோல்ஃபில் கோணலாக அடித்த பந்தை நீங்களே தேடிப் போய், புதருக்குள் குனிந்து, அங்கிருந்தே அடுத்த அடியை அடிக்க வேண்டும். பேஸ்பால் மேதை டெட் வில்லியம்ஸும் கோல்ஃப் மேதை சாம் ஸ்னீடும் இதைப் பற்றி வாக்குவாதம் செய்தார்கள் என்று ஒரு பழைய கதை உண்டு. அசைகிற பந்தை அடிப்பதுதான் கஷ்டம் என்று வில்லியம்ஸ் அடித்துச் சொல்ல, எங்கள் ஃபவுல் பந்தை நாங்களே போய் ஆடவேண்டுமே, உங்களுக்கு அது உண்டா என்று ஸ்னீட் கேட்டாராம். எத்தனையோ விதமாகச் சொல்லப்படுகிற கதை, ஆனால் விஷயம் சரி.

அப்புறம், கோல்ஃபில் ஒளிந்துகொள்ள இடமில்லை. பேஸ்பாலில் ஒன்பது பேர், ஆடத் தெரியாத பையனை வலது அவுட்ஃபீல்டில் நிறுத்திவிடலாம், சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் அந்தப் பக்கம் பந்து வருவதே அபூர்வம், அவன் பாட்டுக்குப் புல்லில் பூப்பறித்துக்கொண்டு நிற்பான் (என் மகன் முதல் சீசனில் அதைத்தான் செய்தான்). கோல்ஃபில் முதல் டீயில் (முதல் அடியை அடிக்கும் இடத்தில்) நின்றதுமே உங்கள் மேலாளர், அவருடைய மேலாளர், அடுத்துக் காத்திருக்கும் நாலு பேர் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உங்களையே பார்ப்பார்கள். காற்றில் வீசித் தவறவிட்டாலும் அடிக்க நினைத்து வீசியிருந்தால் அது ஒரு அடியாகக் கணக்கில் ஏறும். ஒரு சுற்று நாலு மணி நேரத்துக்கு மேல். நூறு அடி அடித்தாலும், ஓர் அடிக்கு இரண்டு நொடி என்று வைத்தால், உண்மையில் கம்பியை வீசும் நேரம் மூன்றரை நிமிடம்கூட வராது. மீதி நேரமெல்லாம் போன அடியை நினைத்து நொந்துகொள்வதற்கும் அடுத்த அடியை நினைத்து பயப்படுவதற்கும்தான்.

பேஸ்பால் முதல் நாள் இப்படியிருக்காது. அதுவும் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு முதல் நாள் கொண்டாட்டம்தான். எறியத் தெரியும், பிடிக்கத் தெரியும், உயரப் பந்து எங்கே இறங்கும் என்று ஓடத் தெரியும். எங்கள் அலுவலக சாஃப்ட்பால் (பேஸ்பாலின் எளிய வடிவம்) அணியில் நான் சேர்ந்தபோது, அவுட்ஃபீல்டிலிருந்து நேராக ஹோம் பிளேட்டுக்கு (பேட் பிடிப்பவர் நிற்கும் இடம்) எறிந்ததைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அதே ஆட்டத்தில் பேட் பிடித்தபோது நடந்ததைத்தான் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள். பந்தை நன்றாக அடித்தேன், ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டரின் கைக்கு நேராகப் போனது, ரன் இல்லை என்று அப்படியே நின்றேன். ஓடு ஓடு என்று ஒரே கூச்சல். அடித்த பந்து ஃபேராக (ஃபவுல் கோடுகளுக்குள்) விழுந்தால் ஓடித்தான் ஆகவேண்டும் என்பது மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. அடுத்த முறை ஓடினேன், ஆனால் பேட்டைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினேன், முதல் பேஸுக்கு வந்ததும் குனிந்து பேட்டைத் தரையில் நீட்டிக் கோட்டைத் தொட்டேன். முதல் பேஸில் நின்றவர் சிரிப்பில் பந்தை விட்டுவிட்டார், அதனால் தப்பித்தேன்.

கையுறை இன்னொரு வேடிக்கை. வெறுங்கையில் பந்து பிடித்துப் பழகிய நமக்கு அது சொகுசு என்று தோன்றும், ஆனால் எறிகிற கையில் அல்ல, மற்றக் கையில் மாட்டவேண்டும், இரண்டு கையையும் கிண்ணம் மாதிரி சேர்த்துப் பிடித்தே பழகியவன் முதல் ஒரு மாதம் பந்து வரும்போதெல்லாம் வலது கையையும் கூடவே நீட்டுவான். விரலில் பட்டால் தெரியும்.

இதெல்லாம் ஒன்றிரண்டு மாதத்தில் சரியாகிவிடும், அதனால்தான் ஆரம்பிக்க பேஸ்பால் சுலபம் என்கிறேன். ஆனால் கவனியுங்கள், நான் ஆடியது மெதுவாக, வளைவாக, கீழ்க்கையில் போடப்படும் சாஃப்ட்பால். பந்தின் சுற்றளவே 12 அங்குலம், பேஸ்பால் 9 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடுவது பெரும்பாலும் அதுதான். நிஜ பேஸ்பாலின் கஷ்டம் வேறு வகை.

ஒரு நாள் பேட்டிங் கேஜுக்கு (எந்திரம் பந்து போடும் வலைக்கூண்டு) போய் எந்திரத்தை மெதுவான வேகத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றிப் பாருங்கள். மணிக்கு 50 மைலில் சிரித்துக்கொண்டே அடிப்பீர்கள். 60-ல் பாதி படும். 70-ல் பேட்டை எப்போது சுற்ற ஆரம்பிப்பது என்பதே புரியாது, 80-ல் பந்து பின்னால் வலையில் மோதும் சத்தம் கேட்ட பிறகுதான் சுற்றுவீர்கள். இத்தனைக்கும் அது எந்திரம், ஒரே இடத்தில் ஒரே வேகத்தில் போடுகிறது. மேஜர் லீகில் (அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை பேஸ்பால்) பிட்சர், அதாவது பந்து போடுபவர், நிற்கும் தகட்டிலிருந்து ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம், 1893-லிருந்து இதே தூரம்தான். பிட்சர் காலை எட்டி முன்னால் வைத்துக் கையை நீட்டி விடுவதால் பந்து உண்மையில் கடக்கும் தூரம் ஏறக்குறைய 55 அடி. 95 மைல் வேகத்தில் அதற்கு ஆகும் நேரம் 0.4 நொடி. பேட்டைச் சுற்றி முடிக்கவே 0.15 நொடி வேண்டும். மிச்சம் இருக்கும் கால் நொடியில் இது ஃபாஸ்ட்பாலா, கடைசியில் கீழே விழப்போகும் கர்வ்பாலா, பக்கவாட்டில் நழுவும் ஸ்லைடரா, அடிப்பதா விடுவதா, எல்லாம் முடிவாகிவிட வேண்டும். பிறகு 2.61 அங்குலத்துக்கு மேல் தடிமன் இருக்கக்கூடாது என்ற உருண்டைக் கட்டையால் உருண்டைப் பந்தை நடுவில் சந்திக்க வேண்டும். நொடியில் நூறில் ஒரு பங்கு முந்தினாலும் பிந்தினாலும் ஃபவுல்.

நம் கிரிக்கெட்டிலும் இதே வேகம் உண்டே என்பீர்கள். உண்டு, நேரமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் கிரிக்கெட் பேட் 4.25 அங்குல அகலத் தட்டை, பிடிக்காத பந்தை விட்டுவிடலாம், தடுக்கலாம், விளிம்பில் பட்டுப் பின்னால் போனாலும் நாலு ரன், நாள் முழுக்க நிற்கலாம். பேஸ்பாலில் பின்னால் போனதெல்லாம் ஃபவுல், மூன்று ஸ்ட்ரைக்கில் (தவறவிட்ட பந்துகள்) வீட்டுக்குப் போகவேண்டும். பத்துக்கு மூன்று முறை ஹிட் (பேஸைப் பத்திரமாக எட்டவைக்கும் அடி) அடித்தால் நட்சத்திரம் என்கிற விளையாட்டு இது. டெட் வில்லியம்ஸ் 1941-ல் .406 சராசரியில், அதாவது ஆயிரத்துக்கு 406 ஹிட் என்ற கணக்கில் அடித்தார், அதற்குப் பிறகு அமெரிக்கன், நேஷனல் லீகுகளில் ஒருவர்கூட .400-ஐத் தொடவில்லை.

இதற்கு மைக்கேல் ஜோர்டானைவிட நல்ல சாட்சி கிடையாது. கூடைப்பந்தில் உச்சத்தில் இருந்தபோது விலகி, 1994-ல் பர்மிங்காம் பேரன்ஸ் அணியில் பேஸ்பால் ஆடப் போனார். மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே இருக்கும் டபுள்-ஏ ஆட்டம் அது. வயது 31, உலகத்திலேயே சிறந்த உடல், உழைப்புக்குக் குறைவே இல்லை, விடியற்காலையிலேயே பேட்டிங் பயிற்சிக்கு வந்து நிற்பார் என்பார்கள். 127 ஆட்டம், சராசரி .202, 114 முறை ஸ்ட்ரைக் அவுட். ஃபாஸ்ட்பாலை ஒருவாறு சமாளித்தார், வளைகிற பந்துதான் ஆளைக் கவிழ்த்தது. பலர் இதை வைத்து அவரைக் கிண்டல் செய்கிறார்கள், எனக்கு அது அநியாயமாகப் படுகிறது: பள்ளிக்கூடத்தோடு பேஸ்பாலை விட்டவர் பதின்மூன்று வருடம் கழித்து வந்து அந்த மட்டத்தில் ஐந்துக்கு ஒன்று அடித்ததே பெரிய விஷயம். ஒரு பந்து பிட்சரின் விரலை விட்டுக் கிளம்பும்போதே அதன் சுழற்சியைக் கண்டுபிடிக்கிற கண், பத்து வயதிலிருந்து ஆயிரக்கணக்கான பந்துகளைப் பார்த்துப் பார்த்துத்தான் வரும். அதே ஜோர்டான் கோல்ஃப் பைத்தியம், கல்லூரி நாட்களில் ஆரம்பித்து இன்றும் நன்றாக ஆடுகிறார், ஃப்ளோரிடாவில் சொந்தமாக ஒரு கோல்ஃப் மைதானமே கட்டிக்கொண்டார்.

நான் எப்போதும் பார்க்கச் சொல்வது போக்குவரத்து எந்தப் பக்கம் நடக்கிறது என்பதை. பேஸ்பாலிலிருந்து கோல்ஃபுக்குப் போனவர்கள் நிறைய. சாம் பேர்ட் என்று ஒருவர் 1930-களின் தொடக்கத்தில் நியூயார்க் யாங்கீஸ் அணியில் இருந்தார், ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் களைத்துப்போன நட்சத்திர பேட்டர் பேப் ரூத்துக்குப் பதிலாக இறங்குவார், அதனால் 'பேப் ரூத்தின் கால்கள்' என்று பட்டப்பெயர். பேஸ்பாலை விட்டபின் முழுநேர கோல்ஃப் வீரராகி ஆறு பி.ஜி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப்) போட்டிகளை வென்றார், 1945 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பின் இறுதி ஆட்டத்தில் பைரன் நெல்சனிடம் தோற்று இரண்டாமிடம். பேஸ்பாலின் வேர்ல்ட் சீரிஸிலும் கோல்ஃபின் மாஸ்டர்ஸிலும் ஆடிய ஒரே ஆள் அவர்தான். ரூத் தன் அக்குளில் கைக்குட்டையைச் செருகிக்கொண்டு, அது கீழே விழாமல் பேட்டைச் சுற்றப் பழகுவாராம், அந்தப் பயிற்சியை அப்படியே கோல்ஃபுக்குக் கொண்டுவந்தது பேர்ட் என்று அவரிடம் பயின்றவர்கள் சொன்னார்கள். இன்றைக்கும் ரேஞ்சில் அக்குளில் துண்டைச் செருகி ஆடும் ஆட்களைப் பார்க்கலாம், நானும் ஆறு மாதம் அப்படி ஆடினேன்.

ஆனாலும் போனவர்கள் எல்லோருக்கும் உச்சி எட்டவில்லை. ஜான் ஸ்மோல்ட்ஸ், ஹால் ஆஃப் ஃபேம் பிட்சர், 2018-ல் 51 வயதில் யு.எஸ். சீனியர் ஓபனுக்குத் தகுதிச் சுற்று ஆடியே நுழைந்தார். முதல் நாள் 85 அடி, இரண்டாம் நாள் 77 (கோல்ஃபில் எண்ணிக்கை குறைந்தால்தான் நல்லது), அத்தோடு ஊருக்குத் திரும்பினார். சும்மா ஆடுகிறவர்களில் அவர் அபாரமானவர், தொழில்முறை மைதானம் அவரையும் தூக்கிப் போட்டுவிட்டது. எதிர்ப்பக்கம், முப்பது வயது கோல்ஃப் வீரர் ஒருவர் பேஸ்பாலுக்கு வந்து மேஜர் லீகில் பேட் பிடித்தார் என்று யாராவது கேள்விப்பட்டதுண்டா? பேப் டிட்ரிக்சன் என்ற வீராங்கனை கொஞ்சம் நெருங்கி வருகிறார்: 1932 ஒலிம்பிக்கில் ஈட்டியிலும் தடை ஓட்டத்திலும் தங்கம், 1934-ல் மேஜர் லீக் அணிகளின் காட்சி ஆட்டங்களில் பந்து எறிந்தார். அவரும் இருபது வயதுக்கு மேல் கோல்ஃபைத் தீவிரமாகப் பிடித்து, கடைசியில் பத்து மேஜர் பட்டம் வாங்கினார். வந்த திசை அதேதான்.

காரணம் எனக்குத் தெரிந்தவரை எளிது. கோல்ஃபில் எதிராளி கிடையாது, பந்து உங்களுக்காகக் காத்திருக்கும், எத்தனை வயதில் வந்தாலும் ஒரு தசையை ஒரு விதமாக அசைக்கப் பழக்கலாம். மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும். பேஸ்பாலில் எதிரே ஒருவன் உங்களை ஏமாற்றுவதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டு நிற்கிறான், நீங்கள் தேறினால் அவன் அடுத்த பந்தை மாற்றிப்போடுவான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கிரிக்கெட்டிலிருந்து கோல்ஃபுக்கு வருகிறவர்களுக்கு இரண்டு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்று, பந்தைத் தூக்கி அடிக்கப் பார்ப்பது. அயர்ன் என்ற வகைக் கம்பியில் பந்தைத் தூக்குவது கம்பித் தலையின் சாய்வு, உங்கள் வேலை பந்தை அழுத்திக் கீழ்நோக்கி அடிப்பது மட்டும், இதை நம்புவதற்கே எனக்கு ஒரு வருடம் ஆனது. இன்னொன்று கீழ்க்கையால் இழுப்பது. லெக் சைடில் மிட் விக்கெட்டுக்கு மேல் தூக்கும் அந்தச் சந்தோஷம் இங்கே பந்தை இடது பக்கக் குளத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நண்பர்களிடம் கற்காதீர்கள், ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒரு பயிற்சியாளரிடம் ஐந்தாறு வகுப்பு போய்விடுங்கள், பழைய கம்பி செட் ஒன்று வாங்கினால் போதும், விலையுயர்ந்த டிரைவர் (தூரமாக அடிக்கும் நீளக் கம்பி) உங்கள் ஸ்லைஸை இன்னும் தூரத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான்.

பாதி நேரத்தைப் பட்டிங்குக்கும் (பந்தை உருட்டிக் குழியில் போடுவது) கிரீனை (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) சுற்றி நாற்பது கஜத்துக்குள் ஆடும் அடிகளுக்கும் கொடுங்கள். எட்டு அடி தூரத்திலிருந்து தொழில்முறை ஆட்டக்காரர்களே பாதிக்குப் பாதிதான் குழியில் போடுகிறார்கள், அதனால் தவறினால் மனம் உடையவேண்டாம், ஆனால் மூன்றடியில் தவறவிடாத ஆளை எல்லோரும் மதிப்பார்கள். ஆறு மாதத்தில் நகராட்சி மைதானத்தில் ஒன்பது குழி ஆடலாம். 18 குழியில் 100-க்குக் கீழே வர ஓரிரண்டு வருடம் பிடிக்கும், சிலர் வாழ்நாளில் வருவதில்லை, அவர்களும் ஒவ்வொரு சனிக்கிழமையும் சந்தோஷமாக வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

பையன் விஷயத்தில் மாற்றி யோசியுங்கள். ஏழு வயதில் பேஸ்பாலைத் தொடங்கியது சரியான நேரம், அந்தக் கண் பழகுவது இப்போதுதான். லிட்டில் லீகில் பிட்சருக்கும் பிளேட்டுக்கும் தூரம் 46 அடிதான், பேஸ்களுக்கு நடுவே 60 அடி, பெரியவர்களுக்கு அது 90. அவனுக்குக் கோல்ஃப் பிறகு வரட்டும், அது எங்கேயும் ஓடிப்போகாது. மாலையில் வீட்டு வாசலில் அவனோடு பந்து எறிந்து பிடியுங்கள், அது உங்களுக்கும் பேஸ்பால் பாடம். தோளைச் சூடேற்றாமல் நாற்பது ஐம்பது பந்து வேகமாக எறிந்து வீரம் காட்டவேண்டாம், முப்பத்தைந்து வயது முழங்கை மறுநாள் காபி டம்ளரைத் தூக்க விடாது.

கோடையில் அலுவலக சாஃப்ட்பால் அணி இருந்தால் பெயர் கொடுத்துவிட்டு, கோல்ஃப் அழைப்புக்கு வசந்தம் வரட்டும் என்று சொல்லிவிட்டுக் குளிர்காலத்தில் உள்ளரங்க ரேஞ்சில் வகுப்புப் போங்கள். சாஃப்ட்பாலில் பந்து பேட்டில் பட்டதும் பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடுங்கள். எறியாதீர்கள், பின்னால் கேட்சர் உட்கார்ந்திருப்பார்.